வேற்று மொழியில் பேசுகிறார்

அன்று மாலை மெல்பேர்ண் ட்ருகனினாவில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில் ஒன்பது பேர் இருந்தோம். சாய்கதிரையில் அப்பா. அவருக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்தபடி அம்மா. நான், தங்கை, அப்பாவோடு பண்டகசாலையில் வேலை செய்த சிவா அங்கிள், அவருடைய மனைவி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். கடைசியாக அப்பாவுக்கு நடிப்பு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் கரோலின். அவர் கதிரை வேண்டாம் என்று தரையிலேயே இருந்துவிட்டார்.

வராதவர் ஒருவர்தான். சிட்னியில் இருக்கும் பெரியப்பா. அவரும் அப்பாவும் கதைத்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. வைத்தியர்கள் அப்பாவுக்குச் சொன்ன காலமோ வாரக்கணக்குக்கு வந்துவிட்டது. அதற்குள் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை கதைத்துவிட மாட்டார்களா என்பதே எங்கள் எல்லோருடைய ஏக்கமும். அன்று அதை வாய்விட்டுச் சொல்லத்தான் எவருக்கும் துணிவு இருக்கவில்லை.

எட்டரைக்குத் தொலைக்காட்சியில் ஒரு நாடகம். அதில் அப்பாவுக்கு ஒரு காட்சி. அதைப் பார்க்கத்தான் கூடியிருந்தோம். அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவின் வாழ்க்கையை என்னால் இயன்றவரை சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகம் வரை போனவன் நான்தான். அதனால் எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பருத்தித்துறைக்குப் பக்கத்தில் பிறந்தார். நாலு வயதில் தகப்பனை இழந்தார். அப்போது பதினாலு வயதான பெரியப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லொறிக்கு மூட்டை ஏற்றப் போனார். தம்பியாவது படிக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். தம்பி படிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் தலைமை ஆசிரியர் இருமுவதைப்போல இருமிக் காட்டினார்; அந்த இருமலைக் கேட்டுப் பக்கத்து வகுப்பும் எழுந்து நின்றதாம். அதற்காக வெளியே அனுப்பினார்கள். அப்பா பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்துவிட்டார். பெரியப்பா அடித்துப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். இரண்டும் சரிவரவில்லை.

பெரியப்பா முந்திச் சிட்னிக்கு வந்தார். அப்பா பல வருடங்களின் பின் படகில் வந்து தடுப்பு முகாமில் இருந்தார். அந்த நாட்களில் பெரியப்பா துப்புரவு வேலை முடிந்த கையோடு சட்டத்தரணிகளின் வாசலில் போய் நின்றார். தம்பிக்காகத் தொடங்கியது, பின்னர் படகில் வந்த எல்லோருக்காகவும் என்று ஆனது. இன்றைக்கும் சிட்னியில் அவரைத் தெரியாத அகதிக் குடும்பம் குறைவு. அவர் பட்ட பாட்டில்தான் அப்பாவும், பிறகு அம்மாவும் நாங்களும் இந்த நாட்டில் காலூன்றினோம்.

அப்பாவுக்கு மெல்பேர்ணில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. ஒருநாள் அங்கே தொலைக்காட்சிக்காரர் வந்து ஒரு களவுக் காட்சி எடுத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்த நடிகருக்கு அது ஓட்ட வரவில்லை. அப்பாவை ஏற்றிவிட்டு, முகத்தைக் காட்டாமல் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அப்பா போன பாதையின் நடுவில் நாடகப் பொலிஸ் கார் ஒன்று நின்றது. அப்பா நிறுத்தினார். தலையை வெளியே நீட்டி, "இங்கே வாகனம் நிறுத்தக்கூடாது, மேட்" என்று ஆங்கிலத்தில் பொலிஸுக்கே சொன்னார். அது நடிப்பில்லை. பண்டகசாலைச் சட்டம் அது, அப்பா உண்மையாகவே சொன்னார். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதை அப்படியே நாடகத்தில் வைத்தார்.

அப்படித் தொடங்கியது. பதினான்கு வருடத்தில் நாற்பத்தொரு வேடம். டாக்சிக்காரர், பழக்கடைக்காரர், மணப்பெண்ணின் தகப்பன், ஒருமுறை நீதிபதி. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கரோலின் வசனங்களைத் தன் குரலில் பேசி அனுப்புவார். அப்பா அதை வேலைக்குப் போகும் வழியெல்லாம் கேட்பார். இரண்டே இரண்டு வரி வேடம் என்றாலும் திருப்பிக் கேள்வி கேட்பார்: இந்த ஆளுக்கு எத்தனை பிள்ளைகள், எங்கே இருக்கிறான், உடம்பில் என்ன நோ. பாவம் கரோலின், அவருக்கு எப்படித் தெரியும். அப்பாவே முடிவெடுத்துக்கொள்வார். டாக்சிக்காரருக்கு முழங்கால் வலி என்று வைத்தார்; அந்த ஆள் காரில் இருந்து இறங்குவதைப் பார்த்தால் எங்களுக்கு முழங்கால் வலிக்கும். பழக்கடைக்காரர் மர ஆலையில் வலக்கை விரல்களை இழந்தவர் என்று வைத்தார். அதற்காக ஒரு கிழமை வீட்டில் எல்லாவற்றையும் இடக்கையால் செய்து பழகினார். வந்த விருந்தாளிக்கு இடக்கையால் தேத்தண்ணி நீட்டி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒருமுறை அமெரிக்கப் படம் ஒன்றுக்கு மெல்பேர்ண் நகரத்தின் தெரு ஒன்றை நியூயோர்க்காக மாற்றினார்கள். அமெரிக்காவுக்கே போகாத அப்பா மூன்று நாள் நியூயோர்க்கில் டாக்சி ஓட்டினார். அதில் பயணியாக வந்தவர் அப்பாவின் வயதை ஒத்த ஓர் அமெரிக்க நடிகர். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் வந்தவராம், ஆனால் தெருவில் காண்கிறவர்கள் அவரை நிறுத்தி, "நாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோமா?" என்றுதான் கேட்பார்களாம். அப்பாவுக்கு அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அந்த நடிகர் தன் தொழிலுக்குச் சொன்ன ஆங்கிலப் பெயரை அப்பா எனக்கு ஒப்புவித்து, தமிழில் என்னவென்று கேட்டார்.

"குணச்சித்திர நடிகர், அப்பா."

"குணத்தைச் சித்திரமாக் கீறுறவன்," என்றார் அப்பா. "நல்ல சொல்லடா. ஆரோ யோசிச்சு வைச்சிருக்கிறான்."

அதன் பிறகு எந்தப் படிவத்திலும் தொழில் என்ற இடத்தில் அதையும் எழுத வைத்தார். வைத்தியசாலைப் படிவத்திலும்கூட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில காட்சிகளில், "உன் மொழியில் எதையாவது பேசு, யாருக்கும் விளங்கத் தேவையில்லை" என்று அப்பாவிடம் சொல்வார்கள். கோபமாகக் கத்தும் நோயாளியாக ஒருமுறை வந்தார். கண் சிவக்கக் கத்தியது இதுதான்: "கத்தரிக்காய் ஒரு கிலோ, செத்தல் மிளகாய் ரெண்டு பைக்கற், அரிசிமா முடிஞ்சுது, தேசிக்காய் மறக்கவேண்டாம்." அம்மா காலையில் கொடுத்த பட்டியல். திரையின் கீழே எழுத்தில், 'வேற்று மொழியில் பேசுகிறார்' என்று போட்டார்கள். அதற்குப் பிறகு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனால், "அங்கிள், தேசிக்காய் வாங்கியாச்சோ" என்று பிள்ளைகள் கேட்பது வழக்கமாகிவிட்டது.

இப்போது மனவருத்தமான இடத்துக்கு வருகிறேன். பெரியப்பாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு அதுவரை கிடைத்ததில் பெரிய வேடம் ஒன்று வந்தது. படகில் ஆட்களை ஏற்றி அனுப்பும் கடத்தல்காரன். அந்த நேரம் செய்தியைத் திறந்தால் படகுக்காரர் கதைதான், அதிலும் நல்லதாக ஒன்றும் இருக்காது. பெரியப்பா அரசியல்வாதிகளின் அலுவலகங்களுக்கு எங்கள் சனத்துக்காக மனுக்களைக் காவித்திரிந்த காலம். நாடகம் ஒளிபரப்பான மறுநாள் பெரியப்பா அப்பாவுக்குப் போன் எடுத்தார். அப்பா குசினியில் போனை மேசையில் வைத்துக் கதைத்தார். எல்லோரும் கேட்டோம்.

"உனக்கு வேற வேசம் கிடைக்கேல்லையோ?"

"அண்ணை, அவனும் ஒரு மனிசன் எண்டு காட்டத்தான் செய்தனான். பாத்தனீங்களே, மிதவைச் சட்டைகளை ரெண்டுதரம் எண்ணி ஏத்துறான். ஒண்டு குறையுது எண்டு அவனுக்கும் பயம்."

"உன்ர மனிசனை ஆர் பாக்கப்போறாங்கள்? அவங்கள் எங்கட சனத்தைத்தான் பாப்பாங்கள். நான் இனி எந்த முகத்தோட அங்க போய் நிக்கிறது?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா, "இனி எனக்குப் போன் எடுக்காதை," என்று வைத்துவிட்டார்.

அப்பா எடுக்கவில்லை. பொங்கலுக்கு எடுக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோதும் என்னைத்தான் எடுத்துச் சொல்லச் சொன்னார். அம்மா எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். "அண்ணை எடுக்கவேண்டாம் எண்டவர். சொல்லை மீறி எடுக்கிறதே?" என்பார். அங்கே பெரியப்பாவோ, தம்பிதான் எடுக்க வேண்டும் என்று இருந்தார். ஒருவர் மரியாதையால் எடுக்கவில்லை, மற்றவர் மூப்பால் எடுக்கவில்லை. இதை எங்களைத் தவிர வேறு எவருக்கும் விளங்கப்படுத்த ஏலாது.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிய வந்து இரண்டு கிழமையில் அந்தக் கடைசி வேடம் வந்தது. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து ஊருக்குப் போன் எடுக்கும் ஒரு கிழவர். நாங்கள் வேண்டாம் என்றோம். அப்பா கரோலினிடம் தானே ஓம் என்று சொல்லிவிட்டார். போய் வந்து, ஒப்பனைக்காரப் பிள்ளை தனக்கு ஒன்றும் பூசவில்லை, முகமே போதும் என்றுவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னார். காட்சியில் என்ன பேசினார் என்று கேட்டதற்கு, "சும்மா ஏதோ கதைச்சனான்," என்றார்.

அந்த ஏதோவைத்தான் ஒன்பது பேரும் கேட்டோம். திரையில் அப்பா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். போனைக் காதில் வைக்கிறார். சிவா அங்கிளின் பிள்ளைகள் தேசிக்காயை எதிர்பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"அண்ணை, நான்தான். எடுக்கவேண்டாம் எண்டனீங்கள், அதாலை எடுக்கேல்லை. எனக்கு இப்ப ஏலாமல் கிடக்கு. டாக்குத்தர்மார் கனநாள் இல்லையெண்டு சொல்லுகினம். அந்த வேசம் பிழை எண்டு நான் இப்பவும் நினைக்கேல்லை, அண்ணை. ஆனா உங்களுக்கு நொந்தது பிழை. அது என்ர பிழைதான். உங்கட கால் வீக்கம் எப்பிடி? சாப்பிட்டனீங்களோ? சரி, வைக்கிறன்."

கீழே, 'வேற்று மொழியில் பேசுகிறார்' என்று ஓடியது.

கரோலினுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் அவர்தான் முதலில் அழுதார். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "உங்கட அண்ணரோட கதைக்க மாட்டன் எண்டுட்டு, ஊருக்கே கேக்கக் கதைச்சிருக்கிறியள்," என்றார்.

"நான் எங்க போன் எடுத்தனான்?" என்றார் அப்பா. "அது நாடகப் போன். அதிலை லைன் இல்லை."

நான் சிட்னிக்கு எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பார்த்தால் பார்க்கட்டும் என்றார். அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்பா போன் இருந்த மேசைப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல் வாசல் மணி அடித்தது. பெரியப்பா. தோளில் ஒரு சின்னப் பை. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து அப்பாவின் கால்மாட்டில் நின்றார்.

"சின்னனிலையிருந்து நான் சொன்ன ஒண்டையாவது கேட்டனியோ? பள்ளிக்கூடம் போ எண்டன், போகேல்லை. சைக்கிள் கடை வேண்டாம் எண்டன், போனாய். போன் எடுக்காதை எண்டதை மட்டும் ஏன்ரா கேட்டனி?"

அப்பா கண்ணை மூடித் திறந்தார். "ஒண்டையாவது கேப்பம் எண்டுதான், அண்ணை."

பெரியப்பா சிரித்தாரா அழுதாரா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பழக்கடைக்காரன் ஏன் எல்லாத்தையும் இடக்கையாலை செய்யிறான்? வலக்கையிலை என்ன?" என்று கேட்டார். அந்த நாடகம் ஒளிபரப்பாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் முகம் அப்போது இருந்தது போல நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நாற்பத்தொரு வேடத்துக்கும் விருது ஒன்றும் வராத மனிதருக்கு அது போதுமாக இருந்தது.

பத்தொன்பது நாள் பெரியப்பா எங்களோடு இருந்தார். இருவரும் அப்பாவின் வேடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடத்தல்காரனையும் பார்த்தார்கள். முடிந்ததும் பெரியப்பா, "திறமாத்தான் செய்திருக்கிறாய். பிழை பிழைதான்," என்றார். அப்பா, "ஓம் அண்ணை," என்றார். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை, இருவருமே கையை விடவும் இல்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் அம்மாவும் நாங்களும் பெரியப்பாவும் சுற்றி இருக்க, அப்பா அமைதியாகக் கண்மூடினார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது.

வீட்டுக்கே வந்து பராமரித்த தாதியர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பை எரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த அன்ரிமாருக்கும், லீவு போட்டு வந்து பாடை தாங்கிய பண்டகசாலைத் தோழர்களுக்கும், நாற்பத்தொரு மனிதர்களை அப்பாவின் கையில் ஒப்படைத்த கரோலினுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி. தூர இருந்து அழுதவர்களுக்கும் நன்றி.

இதை எழுதி முடித்துப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றார். பிறகு, சிட்னியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை தனக்கு எடுத்துக் கொடுத்த விமானச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிமார் யாராவது இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும், இதன் விலையையும் எழுது என்று என்னிடம் சொன்னார். சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு, ஒருவழி, எண்பத்தொன்பது டொலர்.