அம்மா முந்திய காலை

இன்று காலை மைதானத்தில் ஒரு சிறுமியின் கெண்டைக்காலில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை என்னைப் பன்னிரண்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

பஞ்சாலையில் நின்றே வேலை செய்த அம்மாவின் கால்களில் எப்போதும் அந்தத் தைலம் மணக்கும். விடிந்ததும் நான் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகுவேன். பெண் பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று அப்பா சொன்னதால் அம்மாவும் வருவாள். பூசைக்குக் கட்டிய சேலையோடு காந்தி சிலையருகே உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள், "உன்னால நடக்கக்கூட முடியாது" என்று கேலி செய்தேன். அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். சாலைக் கோடியில் இருந்த டூப்ளே சிலை வரைக்கும் என்னால் அவளைப் பிடிக்கவே முடியவில்லை.

"நீ பள்ளிக்கூடத்துல ஓடினியாம்மா?"

"ஓடினேன். வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். "அப்பாகிட்ட சொல்லிடாத."

மறு வருஷம் நான் வயதுக்கு வந்தேன். "ஓட்டமெல்லாம் போதும்" என்றார் அப்பா. அவரை எதிர்த்துப் பேசியே அறியாத அம்மா, சோறு போட்டுக்கொண்டே, "அவ ஓடுவா. நானும் கூட ஓடுறேன். யாரு என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்றாள். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

அதன்பிறகு பல ஊர்களில் பத்தாயிரம் மீட்டர் ஓடினேன். முட்டி தேய்ந்தபின் பயிற்சியாளரானேன். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள் கேலரியில் காத்திருப்பார்கள். போன மாதம் அவர்களில் நான்கு பேரை டிராக்கில் இறக்கினேன். சேதராப்பட்டு கம்பெனியில் வேலை செய்யும் ஒருத்தி முதல் சுற்றை முடித்துவிட்டு வந்து கேட்டாள்:

"இன்னொரு சுத்து போகட்டுமா, மேடம்?"