மூக்குக்காரி

அவளை அந்தச் சந்தில் எல்லோரும் மூக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பிளாஸ்டிக் டிரம் கழுவுவது அவள் பிழைப்பு. பழைய சாமான் கடைக்காரர் லேபிளைக் கிழித்துவிட்டு அனுப்பும் டிரம்முக்குள் தலையை விட்டு ஒரு முகர்வு முகர்ந்தால் போதும், உள்ளே எண்ணெய் இருந்ததா, சாயமா, பூச்சிமருந்தா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். சர்பத்தும் எண்ணெயும் இருந்தவை வீடுகளுக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும். மற்றவை சிமென்ட் கலக்க, குப்பை போட.

சோப்புத்தூளும் பொடிஜல்லியும் போட்டு, மூடியை இறுக்கி, காலால் உருட்டிக் கழுவுவாள். அந்தத் தண்ணீர் வாசல் சாக்கடையில் ஒருநாள் மஞ்சளாக ஓடும், ஒருநாள் ஊதாவாக நுரைக்கும். சந்துப் பிள்ளைகளின் கணுக்காலில் ஓயாத சொறி. அவள் கைவிரல் இடுக்கிலும் அதேதான். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து கருகியது. பக்கத்து வீட்டுக்காரி கத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்த இவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சளி என்று நினைத்தாள். சளி போயும் வாசனை திரும்பவில்லை. கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. மூக்கு போனது தெரிந்தால் பிழைப்பும் போச்சே! டிரம்மின் நிறத்தையும் கடைக்காரர் வாய்ச்சொல்லையும் நம்பிப் பிரித்துக் கொடுத்துவந்தாள்.

ஆறு வீடு தள்ளியிருந்த நாத்தனாருக்கு நீல டிரம் ஒன்று கொடுத்தாள். நாலாம் நாள் நாத்தனாருக்கு உதடெல்லாம் புண், வீட்டுக்காரருக்கு விடாத வாந்தி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எதுல பிடிச்சு வைக்கிறீங்க?"

செய்தி கேட்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள்.

"தண்ணி கொஞ்சம் கசந்துச்சு அண்ணி. வாடையும் அடிச்சுது. நீங்க பார்த்துக் கொடுத்ததாச்சே, தப்பா இருக்காதுன்னு குடிச்சிட்டோம்."

இவள் டிரம்முக்குள் தலையை விட்டாள். இழுத்து இழுத்து முகர்ந்தாள்.

"என்ன அண்ணி, வாடை வரலையா?"

"வராதுடி. எனக்கு எதுவுமே வராது. மழைக்காலத்துலேர்ந்து இப்படித்தான்."

நாத்தனார் டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். பிறகு, "வேற யார் யாருக்குக் கொடுத்தீங்க?" என்றாள்.

பதினேழு வீடு. அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அன்றே எல்லோருக்கும் சொல்லியனுப்பினாள். நாத்தனாரின் வீட்டுக்காரர் தேறியதும் நாத்தனாரும் இவளுமாக வீடு வீடாகப் படியேறினார்கள். நாத்தனார் முகர்ந்தாள், இவள் நடந்ததைச் சொன்னாள். நாலு டிரம் மோசம். ஒரு வீட்டில், "இதையும் எடுத்துட்டுப் போனா தண்ணிய என் தலையிலயா பிடிச்சு வைக்கிறது?" என்று சண்டை. இன்னொருத்தி, "மூக்குக்காரி மூக்கறுபட்டா பார்!" என்று சிரித்தாள். இவள் அடுத்த வீட்டுப் படி ஏறினாள்.

மருத்துவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வேலையை விட்டுடும்மா. வாசனை திரும்பும்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

"விட்டுட்டு என்ன செய்யட்டும் ஐயா?"

அவர் கைச் சொறிக்குச் சீட்டில் களிம்பு எழுதிக்கொடுத்தார்.

டிரம் கழுவும் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கடைக்கு நடந்தாள். "லேபிளோட அனுப்புங்க. இல்லேன்னா தொட மாட்டோம்." கடைக்காரர் எகிறிக் குதித்தார். மூன்று நாள் டிரம் மலைபோல் குவிந்ததும் வழிக்கு வந்தார். லேபிளைப் பார்த்து மற்றதை அவள் திருப்பிவிட, எண்ணெய், சர்பத் டிரம் மட்டுமே இப்போது அவள் வாசலுக்கு வருகின்றன. சாக்கடையில் வெள்ளை நுரை இன்னும் போகிறது. ஆனால் சாயம் இல்லை.

மற்ற டிரம்கள் எங்கே போகின்றன? கால்வாய்க்கரைக் குடிசை ஒன்றில் புதிதாக ஒருத்தி கழுவுகிறாள் என்று காதில் விழுந்தது. ஒரு காலையில் தேடிப்போனாள். சின்ன வயசுக்காரி, டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். இவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"எனக்கு மூக்கு நல்லாத்தான்க்கா இருக்கு."

"எனக்கும் இருந்துச்சும்மா."

சின்னவள் மூடியை இறுக்கி டிரம்மை உருட்டினாள். ஆனால் மறுவாரம் ஆள் அனுப்பியிருந்தாள்: ஒரு டிரம்மைத் திறந்ததிலிருந்து கண் எரிகிறது, அக்கா வந்து பார்ப்பாளா? இவள் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.