ஹெர்டிஸ் கதவைச் சாத்தவில்லை

எல்லோரும் கிறிஸ்தவராக வேண்டும் என்று ஐஸ்லாந்தின் மக்கள் சபை முடிவெடுத்த கோடையில், ஞானஸ்நானத்துக்குக் குளிர்ந்த ஆற்றில் முழுக மனமில்லாமல் ஊரே வெந்நீர் ஊற்றைத் தேடிப் போனது. ஹெர்டிஸும் போனாள். ஆனால் தண்ணீரில் இறங்கவில்லை. முந்தைய குளிர்காலத்தில் அவள் கணவன் ஸ்வார்ட் கடலில் மூழ்கி இறந்திருந்தான்.

“என் புருசன் இப்ப எங்க இருக்காரு?” என்று பாதிரியாரிடம் கேட்டாள்.

ஜெர்மானிய நாடான சாக்சனியிலிருந்து வந்த அந்தப் பாதிரியார் ரைமர் பொய் சொல்லத் தெரியாதவர். “ஞானஸ்நானம் வாங்காதவங்க நரகத்துக்குத்தாம்மா போவாங்க,” என்றார் தயங்கித் தயங்கி.

“தன் பேரே காதுல விழாத மனுசனை எரிக்கிறாரா உங்க சாமி? எங்க கடல்தேவதை ரான் வலை போட்டுப் பிடிச்சாலும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விருந்து வைப்பா.”

“உங்க சாமிங்க ஒருநாள் சாகப்போறவங்கன்னு நீங்களே சொல்றீங்க. எங்க ஆண்டவர் செத்து உயிர்த்தெழுந்தவர்.”

“எழுந்திருப்போம்னு தெரிஞ்சுதானே செத்தாரு? இடிக்கும் காத்துக்கும் சாமியான எங்க தோர், கடைசிப் போருல உலகத்தைச் சுத்திக் கிடக்கிற பாம்பை அடிக்கப் போறப்ப, திரும்ப மாட்டோம்னு தெரிஞ்சே போவாரு. யாருக்குய்யா நெஞ்சுரம்?”

தண்ணீரில் நின்ற யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தம்பி ஓர்லிக் தலை சொட்டச் சொட்ட ஓடிவந்தான். “அக்கா, வீம்பு பண்ணாத. கதவைச் சாத்திட்டு உள்ள பழைய சாமிங்களுக்கு என்ன வேணா படையல் போடு. சாட்சி இல்லேன்னா குத்தமில்லைன்னு சட்டமே சொல்லுது. நானும் அப்படித்தான்.”

“ஆடா திருடினேன், கதவைச் சாத்திக்க?”

இலையுதிர் காலத்தில் முற்றத்தில் வைத்தே தோருக்குக் குதிரையைப் பலியிட்டாள். ஊர் முழுவதையும் அழைத்தாள். ஓர்லிக்தான் அதிகம் தின்றான். அடுத்த கோடையில் சபையில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவனும் அவன்தான். மூன்றாண்டு நாடுகடத்தல் என்று தீர்ப்பானது.

அவள் புறப்படும் நாளில் துறைமுகத்துக்கு ரைமர் மூச்சிரைக்க வந்தார். “தலையில ஒரு கை தண்ணி போதும்மா. நான் பேசி மன்னிப்பு வாங்கித் தர்றேன்.”

“தப்பே பண்ணலையே, எதுக்குய்யா மன்னிப்பு?” அவர் மேல் அவளுக்குக் கோபமில்லை. வழியில் தின்னக் கருவாடு வைத்திருந்தாள். அதில் பாதியை அவர் கையில் திணித்துவிட்டுக் கப்பலேறினாள்.

ஸ்வீடனில் தோருக்கு இன்னும் கோயில் இருந்தது, அங்கே போகத்தான் புறப்பட்டாள். நடுக்கடலில் காற்று எதிர்த்து அடித்தபோது எழுந்து நின்று, தூங்குமூஞ்சி, நன்றிகெட்டவன் என்று தோரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பாய்மரக் கயிற்றைப் பிடித்திருந்த கிறிஸ்தவன் மிரண்டு போய், “சாமியை இப்படியா பேசுவாங்க?” என்றான்.

“எங்காளுதானே,” என்றாள் ஹெர்டிஸ். “நீ கயித்தைப் பிடி.”