மாமாவின் கையைவிட்டுப் போகாத தேங்காய்

என் மாமாவின் தொழில் அம்பு எறிவது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ரீச்சர் நம்பவில்லை. அம்மாவே நெடுநாள் நம்பவில்லை. சுவிஸின் பேர்ண் நகரில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த தம்பி, பக்கத்து பாரில் டார்ட்ஸ் என்ற சின்ன அம்புகளைப் பலகையில் எறியப் பழகி, போட்டிகளில் வென்று, கடைசியில் வேலையையும் விட்டுவிட்டு நாடு நாடாக எறியப் போனால் எந்த அக்காதான் நம்புவாள்? ஆனால் மாமா தொலைக்காட்சியில் வந்த பிறகு, ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனம் அத்தனைக்கும் அம்மாவே போய்ச் சொன்னார்.

எனக்கு எட்டு வயதானபோது மாமாவின் கைக்கு ஏதோ ஆகிவிட்டது. அம்பை உயர்த்துவார், குறி பார்ப்பார், கை முன்னால் போகும். விரல்கள் மட்டும் அம்பை விடமாட்டா. கையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். எனக்கு அது பெரிய அதிசயம். அவர் எங்கள் வீட்டில் எறிந்து பழகும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அந்த விரல்களையே பார்ப்பேன். "மாமா, பசை பூசியிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். விரல்களை விரித்துக் காட்டினார். பசை இல்லை. அடுத்த வாரம் ஜெர்மனியில் போட்டி. அதில் தோற்றால் பெரிய போட்டிகளில் அவருக்கு இனி இடமில்லை.

அம்மா முடிவு கட்டிவிட்டார். "இது நாவூறுதான். ரீவியிலை பார்த்த சனத்தின்ரை கண்."

ஞாயிற்றுக்கிழமை சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கு ரயிலேறினோம். அங்கே பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் அடித்தால் தடையெல்லாம் விலகிவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எறிய முடியாதவரை எறியச் சொல்லிக் கூட்டிப்போகிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமா தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினார். கல்லைப் பார்த்தார். கை வேகமாகக் கீழே வந்தது. தேங்காயும் கூடவே வந்தது. மறுபடி தூக்கினார். மறுபடியும் அப்படியே. பின்னால் தேங்காயோடு வரிசை நீண்டது. "அடியன்ரா தம்பி" என்ற அம்மாவின் குரல் அழுகைக்குக் கிட்ட வந்திருந்தது. எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு மாமா வித்தை காட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் வியர்த்த முகத்தோடு குனிந்து தேங்காயை என்னிடம் தந்தார்.

"நீ அடி, பிள்ளை."

ஓங்கி அடித்தேன். கோயில் வாசலெல்லாம் சில்லுச் சில்லாகச் சிதறியது. நான் ஏதோ கோப்பை வென்றவள் போல நின்றேன்.

திரும்பும் ரயிலில் அம்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா என் கையை எடுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேங்காய் எப்பிடி உன்ரை கையை விட்டுப் போச்சுது?"

"எறிஞ்சன், போச்சுது."

"இன்னொருக்கா காட்டு, பாப்பம்."

வெறுங்கையால் எறிந்து காட்டினேன். மெதுவாகக் காட்டச் சொன்னார், காட்டினேன். எந்த விரல் முதலில் விட்டது என்று கேட்டார். வாயில் வந்தபடி சின்ன விரல் என்றேன். அதற்கும் கவனமாகத் தலையாட்டினார். ரயில் மாறச் சூரிச் வரும்வரை இப்படியே நடந்தது. எனக்குப் பரம சந்தோசம், மாமா என்னோடு விளையாடுகிறார் என்று.

மாமா ஜெர்மனிக்குப் போகவில்லை. அதன்பிறகு எந்தப் போட்டியிலும் எறியவில்லை. அன்று ரயிலில் அவர் என்னிடம் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.