மாமா தட்டிய ஒரு வரி

என் அக்காவுக்குத் தையல் ஆலையில் ‘போலீஸ்’ என்று பெயர். தைத்து வரும் சட்டைகளைப் பரிசோதிப்பது அவள் வேலை. வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். உள்ளே திருப்பிப் போட்டு, பிசிறையும் விட்டுப்போன தையலையும் தேடுவாள். வீட்டிலும் அதே கண்தான். நான் புதுச் செருப்பு போட்டால்கூட, “யாரு வாங்கிக் குடுத்தா?” என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவள் கணவர், என் மாமா, வெளியூரில் கிரேன் ஓட்டுகிறார். எதைக் கேட்டாலும் “ம்”தான். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும் அப்படித்தான். அப்படிப்பட்ட மனுஷன் போன வாரம் அக்காவின் போனுக்கு ஒரு நீளமான செய்தி அனுப்பினார். இந்த மாதம் ஏன் வீட்டுக்கு வர முடியாது என்பதற்கு முன்னுரை, பணிச்சூழல், குடும்பத்தின் மீதான அக்கறை, முடிவுரை என்று தலைப்பு போட்டு விளக்கம். கடைசியில் ‘தங்கள் புரிதலுக்கு நன்றி’ வேறு.

“தங்களாம்ல, தங்கள்! என்னைப் பேர் சொல்லிக்கூட ஒழுங்கா கூப்பிட்டதில்ல. எவளோ எழுதிக் குடுத்திருக்காடா!” போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

“எவளும் இல்லக்கா. கம்ப்யூட்டர்.”

“நீயும் அவருக்குக் கூட்டா?”

நான் வேலை பார்ப்பது சலவை இயந்திரங்களுக்கு விளக்கப் புத்தகம் தயாரிக்கும் இடத்தில். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் எழுதுகிறது, நான் படித்துப் பார்க்கிறேன். அதனால் அவள் கண்முன்னே என் போனில் ஒரே ஒரு வரி தட்டினேன்: ‘வீட்டுக்கு வர முடியவில்லை, மனைவிக்கு விளக்கமாக எழுது.’ முதலில் தலைப்புகள் வரிசையாக வந்து நின்றன. பிறகு ஒவ்வொன்றின் கீழும் பத்தி பத்தியாக நிரம்பியது. நான் சொல்லாத வேலைப்பளு, பொறுப்பு எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. முடிவில் அதே நன்றி.

அக்கா அசரவே இல்லை. “நீ ஒரு வரிதான குடுத்த?”

“ஆமா.”

“மிச்சமெல்லாம் அதுவா இட்டுக்கட்டுனது?”

“அப்படித்தான்.”

“அப்போ அவரு என்ன வரி குடுத்தாரு? எனக்கு அது வேணும்.”

மாமாவுக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது: ‘அழைப்பை ஏற்க இயலாமைக்கான காரணங்கள்.’ அதைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்தது.

மறுநாள் காலையில் பஸ் ஏறினோம். “அங்க ஒருத்தி இருந்தா நீ குறுக்க வராத,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்புறம் ஒருத்தியும் இருக்கக் கூடாதே என்று அவளே முனகினாள்.

மாமா தங்கியிருந்த அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் வலது கையைப் போர்வைக்குள் ஒளித்தார். அக்கா போர்வையை இழுத்தாள். மணிக்கட்டு வரை கட்டு.

“என்னங்க இது?”

“ம்.”

அவள் அவர் போனை எடுத்தாள். அதில் கம்ப்யூட்டர் எழுதிய நீள விளக்கத்துக்கு மேலே அவர் தட்டிய வரி அப்படியே இருந்தது: ‘சங்கிலில மாட்டி ரெண்டு விரல் போச்சு. அதச் சொல்லாம வரமுடியாதுன்னு எழுது. அவ அழுவா.’

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். “அழுவேன்னு தெரியுதுல்ல? பக்கத்துல வச்சு அழவிட வேண்டியதுதான? இங்க தனியா உக்காந்து என்னய்யா பண்ணுன?”

மாமா கையை மறுபடி ஒளிக்கவில்லை.

“பயந்துக்கிட்டு இருந்தேன்,” என்றார்.