பருப்பு டப்பாவில் கிடந்த சாவி

எங்கள் அம்பாசிடர் கார் ஒன்பது வருடம் ஓடாமல் நின்றதற்குக் காரணம் நான். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. சாவியைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தவள் நான்தான்.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் கிளம்பினால் வடக்கே போய்த் திரும்ப இருபது நாள், ஒரு மாதம் ஆகும். லாரியை விட்டபின் கையில் ஸ்டியரிங் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. ஒரு டாக்டர் வீட்டில் விற்ற இந்தப் பழைய பெட்ரோல் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளை வண்டி, முன்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளச் சீட்டு. அதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் போகாத கல்யாணம் இல்லை. நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊருக்குச் சேலை எடுக்கப் போனால் நான் கடைக்குள் சேலையைப் பார்ப்பேன், அவர் வாசலில் நின்று வண்டியைப் பார்ப்பார். அதையும் உள்ளே கூட்டி வாருங்கள், அதற்கும் ஒன்று எடுத்துவிடலாம் என்று கிண்டல் செய்வேன்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ரோடு வேலைக்காக மணல் நிரப்பி வைத்திருந்த டிரம்மில் நேராகக் கொண்டுபோய் மோதிவிட்டார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஹெட்லைட் உடைந்தது, என் நெற்றியில் இரண்டு தையல். அவர் கீழே இறங்கி, "தெரியல புள்ள, தெரியவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். எனக்குப் பயம் வந்தால் அது வாய் வழியாகத்தான் வெளியே வரும். கூடியிருந்த இருபது பேருக்கு நடுவில் கத்தினேன்.

"கண்ணு தெரியாத ஆளுக்கு வண்டி எதுக்குங்க? இனிமே இத ஓட்டுனீங்கன்னா நீங்க எம் புருசனே இல்ல."

சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். யாரோ ஒருவர் வண்டியை ஓட்டி வந்து, கோழித் தீவன மூட்டை அடுக்கும் எங்கள் கொட்டகையில் விட்டுப் போனார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பஸ்ஸில்தான் போனார். வண்டி என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், "ஊட்ல வேண்டாங்கறாங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது.

நான் சொன்னது தப்பு என்று அந்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக வண்டியை விழுந்து விழுந்து கவனித்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மோட்டார் போட்டுக் குழாயைப் பிடித்து உள்ளும் புறமும் கழுவுவேன். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவேன். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை வண்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

கண்ணைக் காட்டலாம் என்று கூப்பிட்டால், வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று தட்டிக் கழிப்பார். நானும் விட்டுவிட்டேன். இந்த வருடம்தான் மகன் வந்து பிடிவாதமாகக் கூட்டிப் போனான். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடிந்து, கடைசியாக டாக்டரைப் பார்த்துவிட்டு சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, முன்னால் போன லாரிகளின் நம்பரையெல்லாம் அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். இது நம்ம ஊர் வண்டி, அது ராஜஸ்தான் வண்டி என்று ஒன்று விடவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அன்றைக்கே இந்த மனுஷனை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். நான் சாவியைப் பிடுங்கியதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுவாரம் ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன். சேலம் டவுனில் பழைய பெட்ரோல் வண்டிகளைப் பார்க்கும் ஒரு பாய். வண்டியைச் சுற்றி வந்தார், படுத்து அடியில் பார்த்தார். ஒன்பது வருடம் நின்ற எஞ்சின் துருவேறி இறுகியிருக்கும், பிரித்து லேத்துக்கு அனுப்பினாலும் தேறுமா என்று சொல்ல முடியாது, பேசாமல் காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே ஏறக் காலை வைத்தார். கால் அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு தரைக்குப் போய்விட்டது.

உள்ளே தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். ஆயுத பூஜைக்கு நான்தான் கழுவினேன் என்றேன். அவர் காலை உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

"சாமி கும்பிட்டதெல்லாம் சரிங்கம்மா. கழுவுனப்புறம் கதவத் தொறந்து காயப் போட்டிருக்கலாம்."

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டியைத் தொட ஆள் வந்தால் எழுந்து ஓடி வருவார் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பாய் நான்கு பிளக்கையும் கழற்றினார். பிளக் இருந்த துளையில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். விரலில் துரு இல்லை, எண்ணெய் மின்னியது. முன்பக்கம் மாட்டிச் சுற்றுகிற ஹேண்டில் இருக்கிறதா என்று கேட்டார். கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துண்டுச் சுருள் தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். ஹேண்டில் அதற்குள்தான் இருந்தது. மாட்டிச் சுற்றினார். எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"இது நின்ன எஞ்சின் இல்லீங்கம்மா. யாரோ பிளக்கக் கழட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி ஆயில் விட்டு, இத்தன வருசமும் கையால சுத்திக்கிட்டே இருந்திருக்காங்க. அதான் உசுரோட இருக்கு."

துண்டை உதறினேன். பிளக் கழற்றும் ஸ்பேனர் ஒன்று விழுந்தது, கூடவே என் நெய்க் கரண்டி. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன கரண்டி. அதற்காக அடுக்களையைத் தலைகீழாகப் புரட்டி, மருமகளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேன். அது கரிய ஆயில் பூசிக்கொண்டு என் காலடியில் கிடந்தது.

லாரிக்காரர்கள் எந்த ஊரில் நின்றாலும் அமாவாசையன்று வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழமாவது வைக்காமல் எடுக்க மாட்டார்கள். லாரியை விட்டாலும் அந்தப் பழக்கத்தை இவர் விடவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போவார். அரை மணி கழித்து வியர்வையில் சட்டை நனைய வருவார். பீடி குடிக்கப் போகிறார் என்று நினைத்து, வரும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். திட்டை வாங்கிக்கொண்டு கை கழுவப் போவாரே தவிர, ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

சாவி இல்லாவிட்டால்தான் என்ன? ஒயரை இழுத்து முடிந்து கிளப்புவது முப்பது வருடம் லாரி ஓட்டியவருக்குத் தெரியாதா? அவர் செய்யவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய், நீங்கள்தானா என்று கேட்டேன். பேப்பரை மடித்தார்.

"ஓட்டக் கூடாதுன்னுதானே புள்ள சொன்ன? ஓட்டலையே. கெட்டுப் போயிரக் கூடாதேன்னு சுத்தி உட்டேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வேலை இரண்டு மாதம் இழுத்தது. நான் தண்ணீர் ஊற்றி அரிக்க விட்ட அடித்தகட்டை லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார்கள். டேங்கில் பெட்ரோல் கோந்தாகி நாறியது. பிரேக் நான்கும் துருவேறி இறுகியிருந்தன. ரப்பர் குழாய்கள், பேட்டரி, டயர் எல்லாம் புதுசு. எஞ்சினை மட்டும் பாய் பிரிக்கவே இல்லை. வண்டி ஓடத் தகுதி என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் தரும் எஃப்.சி.யையும் பாயே ஓட்டிப்போய்க் காட்டி வாங்கி வந்தார். சாவியை யார் கொடுத்தார்களோ அவர்களிடமே தருவேன் என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் பழக்க தோஷத்தில் அதைப் பருப்பு டப்பாவிலேயே போட்டேன்.

நான்கு நாள் வண்டி வாசலில் நின்றது. அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வண்டியில் இருந்த குறையெல்லாம் தீர்ந்து என் வாயில் இருந்த குறை மட்டும்தான் பாக்கி.

ஐந்தாம் நாள் அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அவர் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். நான் சாவியையும் நாலு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பழங்களைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. எந் தப்புத்தான். வண்டிய எடுங்க."

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் இப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஹேண்டிலை மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றினார். பேட்டரிதான் இருக்கிறதே என்றேன். ஆயில் மேலே ஏறட்டும் என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஏறிச் சாவியத் திருப்பு."

அந்தப் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. ஏறிச் சாவியைத் திருப்பினேன். இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. சீட்டு எனக்கடியில் அதிர்ந்தது. அவர் ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். நகர்ந்துக்கோ என்றார். நான் இறங்காமலே நகர்ந்து என் பழைய இடத்துக்குப் போனேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கச் சேலம் ரோட்டில் ஏறினோம். மாட்டுவண்டியை ஓட்டுவது போல ஓட்டினார். பின்னால் வந்த லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. புதுச்சத்திரம் நெருங்க நெருங்க இன்னும் மெதுவானார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கண் ரோட்டில் இருந்தாலும், நான் எதையாவது பிடித்துக்கொள்கிறேனா என்றுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றேன்.