மடிப்பு விழும் வரை

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறைச்சிக்கடை வைத்திருப்பவன் நான். ஆட்டு மூளையைக் கையில் எடுத்த அளவுக்குப் புத்தகத்தை எடுத்தவனில்லை. அதனால்தான் அன்று ஆஸ்பத்திரியில் ஸ்கான் திரையைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்தது.

மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி, ஐந்து மாதம் கடந்திருந்தது. மருமகன் கட்டாரில். மனைவிக்கு முழங்கால் வலி. ஆகவே துணைக்கு நான் போனேன். டொக்டர் திரையை என் பக்கம் திருப்பி, இது தலை, இது மூளை என்று காட்டினார். பார்த்தால், உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தது. நான் விற்ற மூளை ஒவ்வொன்றிலும் மடிப்பு வளைந்து வளைந்து ஓடும். ஆட்டுக்கே அப்படியென்றால் மனிசப் பிள்ளைக்கு?

கேட்டுவிட்டேன். இந்த மாதத்தில் இப்படித்தான் இருக்கும், மடிப்பு இனித்தான் விழும், எட்டுக் கிழமை, அதாவது இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முற்றின இறைச்சியை நானும் சிரித்துக்கொண்டுதான் விற்கிறேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் எல்லாரையும் கவனிக்கத் தொடங்கினேன். மகள் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்போரம் போய் மெல்லப் பேசினால், டொக்டர் அவளுக்கு மட்டும் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று நினைப்பேன். ஒருநாள் கதவோரம் நின்று காது கொடுத்தேன். புருசனும் பெண்சாதியும் தொட்டிலுக்கு என்ன நிறம் பூசுவதென்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

பிள்ளைத்தாய்ச்சிக்கு மூளை கொடுத்தால் பிள்ளைக்குப் புத்தி வரும் என்று சனம் கடைக்கு வந்து கேட்டு வாங்கும். வியாபாரத்துக்காக நானும் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். இப்போது என் தலையே அதை நம்பத் தொடங்கியது. வெள்ளிக்கு வெள்ளி நல்ல மூளையாகப் பார்த்து எடுத்து வந்தேன். மனைவி மிளகு போட்டுப் பொரித்தாள். ஆறாவது வெள்ளி மகள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“என்ன வாப்பா, கடையில மூளை விலைப்படுதில்லையோ?”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன். அவளோ தாய் தைத்துக்கொண்டிருந்த குழந்தைச் சட்டையை எடுத்து அதன் இடுப்புச் சுருக்கைக் காட்டினாள்.

“நீளத் துணியக் கட்டைத் துணியோட சேத்துத் தைச்சா சுருக்கு விழும்தானே? மூளையும் அப்பிடித்தானாம், வாப்பா. உள்ளுக்க இருக்கிறதவிட வெளித்தோல் வேகமா வளருமாம். இடம் காணாமத் தானா மடியுமாம். ஸ்கான் முடிஞ்சு நீங்க வெளிய போனாப்பிறகு நான் அண்டைக்கே டொக்டரிட்டக் கேட்டனான்.”

கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எட்டுக் கிழமை முடிந்து போனோம். திரையில் மடிப்பு இருந்தது, நெருக்கமாக, கோணல்மாணலாக. எனக்குச் சந்தோசம் வரவேண்டும். வந்தது வேறொன்று.

“டொக்டர், இது வேற ஆருடையும் பிள்ளையின்ட படமா இருக்காதோ?”

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டொக்டர் கோபிக்கவில்லை. மகளின் வயிற்றில் வைத்திருந்த ஸ்கான் கருவியைக் கீழே நகர்த்தி, “திரையையும் பாருங்கோ ஐயா, வயித்தையும் பாருங்கோ” என்றார். திரையில் ஒரு கால் நீண்டது. அதே நேரம் மகளின் வயிற்றில் சிறு மேடு ஒன்று எழும்பி அடங்கியது.

“தலையை இன்னொருக்காக் காட்டுங்கோ” என்றேன்.